சிப்தகெலார் பின்தங்கிய ஊரல்ல

இந்தோனேசியாவில், மேற்கு ஜாவாவின் ஹாலிமுன் மலையில் உள்ள சிப்தகெலார், மின்சாரமே இல்லாமல் பல நூற்றாண்டுகளாக ஒரே இடத்தில் முடங்கிக் கிடக்கும் ஊர் என்றும், ஆண்டுக்கு ஒருபோகம் மட்டும் விளைவதால் அங்கே வறுமை என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு.

மலை ஓடை நீரில் சிறு நிலையங்கள் அமைத்து மின்சாரம் எடுக்கிறார்கள். சொந்தமாக வானொலியும் தொலைக்காட்சியும் நடத்துகிறார்கள். ஒரே இடத்தில் இருந்தவர்களும் அல்லர்; முன்னோர் ஆணை என்று நம்பி, 2001இல்தான் அங்கே குடிபெயர்ந்தார்கள்.

ஒருபோகம் என்பது இயலாமையல்ல, தீர்மானம். கார்த்திகை, ஓரியன் விண்மீன் கூட்டங்கள் வானில் இருக்கும் நிலை பார்த்து எல்லோரும் ஒரே காலத்தில் விதைக்கிறார்கள். அறுவடைக்குப் பின் வயலில் நெல் இல்லாத மாதங்களில் பூச்சிகளுக்கு இரை இல்லை, பெருக்கம் அறுந்துபோகிறது. உள்ளங்கையில் அடங்கும் சிறு கத்தியால் கதிரை ஒவ்வொன்றாக அறுத்து, கட்டுகளாகக் கட்டி, மூங்கில் சட்டங்களில் காயவைத்து, லெயுட் எனும் குதிர்களில் சேர்க்கிறார்கள். மரக்கால்கள் மேல் நிற்கும் அந்தக் குதிர்களில் கதிரோடு வைத்த நெல் ஆண்டுக்கணக்கில் கெடுவதில்லை.

அந்த நெல்லை விற்பது மரபுப்படி தடை. வருமானக் கணக்கில் அது வராததால் ஏழைகள் என்று தோன்றலாம். அடுத்த அறுவடை பொய்த்தாலும் சோறு இருக்கும் வீட்டை எந்தக் கணக்கில் வறுமை என்கிறீர்கள்? அவர்களுக்கு உண்மையான சிக்கல் வேறு: அவர்கள் உழும் நிலத்தில் பெரும்பகுதி தேசியப் பூங்கா எல்லைக்குள் வருகிறது. பேச வேண்டியது அந்த நில உரிமையைப் பற்றி.