மேலே போன தாள்

போன வருஷம் எங்கள் ஒன்றியத்தில் சுகாதாரப் பேரவைக் கூட்டம் என்று வார்டு உறுப்பினர் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பூமாலை, மைக், குத்துவிளக்கு எதுவும் இல்லை. பின்னால் ஒரு ஃப்ளெக்ஸ், முன்னால் நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி. டீயும் மசால் வடையும் வந்த பிறகுதான் ஜனங்களுக்கு வாய் திறந்தது.

கடைசி வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்தார். "எங்க ஊரு சப் சென்டருக்குத் தண்ணி கனெக்‌ஷன் இல்லீங்க சார். நர்சம்மா பக்கத்து வீட்டுலருந்து குடத்துல தூக்கிட்டு வருது. ஊசி போட வர்றவங்க கையையாவது கழுவணுமில்ல?"

வட்டார மருத்துவ அலுவலர் சிரிக்கவில்லை, மழுப்பவும் இல்லை. பெயர், ஊர், கோரிக்கை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டார். வட்டாரத்தில் முடிவது அங்கேயே முடியும், முடியாதது மாவட்டப் பேரவைக்கு, அங்கும் முடியாதது மாநிலப் பேரவைக்குப் போகும் என்று விளக்கினார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கு ஒரே ஒரு சந்தேகம்: தாள் மேலே போகும், சரி. திரும்பி வருமா?

என் அம்மா முப்பது வருஷம் கிராம சுகாதாரச் செவிலியர். புதன்கிழமையானால் வேக்சின் கேரியரைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஐஸ் பேக் உருகுவதற்குள் மூன்று ஊர் முடிக்க வேண்டும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ரிஜிஸ்டர்கள். கர்ப்பிணிகள் பதிவேடு, குழந்தைகள் பதிவேடு, தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு. "இதையெல்லாம் யாரும்மா படிப்பா?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "மேல கேக்குறாங்க" என்பார். அந்த 'மேல' யார் என்று அவருக்கும் சரியாகத் தெரியாது.

தமிழ்நாட்டின் பொதுச் சுகாதாரம் நன்றாக இருக்கிறது என்றதும் நாம் மருத்துவக் கல்லூரிகளையும் பெரிய ஆஸ்பத்திரிகளையும் காட்டுகிறோம். எனக்கு அது பாதி உண்மை. மீதிப் பாதி, ஊர் ஊராகப் பரவிக் கிடக்கும் எண்ணாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட துணை சுகாதார நிலையங்களும் (அந்த அம்மா சொன்ன சப் சென்டர்தான்), அவற்றுக்கு மேலே உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களும், மாவட்டச் சுகாதார அலுவலர்களும் சேர்ந்த வலைதான். வருவாய்த் துறைக்கு 38 மாவட்டங்கள் என்றால் சுகாதாரத் துறை தன் வேலைக்குத் தோதாக அதைவிடக் கூடுதலாகவே பிரித்து வைத்திருக்கிறது.

இந்த வலைக்குச் சட்டத்தின் முதுகெலும்பும் உண்டு. 1939-இல் வந்த சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம். குடிநீர், கொசு, தங்கும் விடுதி, சந்தை, திருவிழா என்று அது தொடாத இடம் குறைவு. தேர்த் திருவிழாவுக்கு முந்தைய நாள் சுகாதார ஆய்வாளர் தெருக்குழாய்த் தண்ணீரைச் சின்னக் குப்பியில் பிடித்து இரண்டு சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பார். மஞ்சளாக மாறினால் குளோரின் இருக்கிறது. மாறவில்லை என்றால் டேங்க் ஆபரேட்டருக்கு அன்றைக்கு அர்ச்சனைதான். வேடிக்கை பார்த்த எங்களுக்கு அது ஏதோ மாயாஜாலம். பிறகுதான் தெரிந்தது, அந்தக் குப்பிக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது என்று. கொரோனாவில், 2020 செப்டம்பரில், மாஸ்க் போடாதவர்களுக்கு 200 ரூபாய் அபராதம் போட்டதும் இதே சட்டத்தைத் திருத்தித்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகு பெரும்பாலான மாநிலங்கள் பொதுச் சுகாதாரத்தை மருத்துவத் துறைக்குள் கரைத்துவிட்டன. கரைத்ததும் என்ன ஆகும்? ஆஸ்பத்திரி கட்டுகிறவர் கைக்குப் பணம் போகும், சாக்கடையைப் பார்க்கிறவர் கைக்குப் போகாது. நாம் பொதுச் சுகாதாரத்துக்கென்று இருந்த தனி இயக்குநரகத்தைக் கைவிடவில்லை. கடைசியில் 2017 தேசிய சுகாதாரக் கொள்கை, எல்லா மாநிலங்களும் பொதுச் சுகாதாரத்துக்கென்று தனிப் பணியாளர் பிரிவை உருவாக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. நாம் பல பத்தாண்டுகளாகச் செய்துகொண்டிருந்தது அப்போதுதான் டெல்லிக் கொள்கைத் தாளில் ஏறியது.

அம்மா சொன்ன ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். தாய் இறப்புத் தணிக்கை. பிரசவத்திலோ அதையொட்டியோ ஒரு பெண் இறந்துவிட்டால் செவிலியர் உடனே போனில் சொல்லிவிட வேண்டும். பிறகு ஒரு குழு அந்த வீட்டுக்கே போகும். வலி எப்போது வந்தது, யார் முடிவெடுத்தார்கள், வண்டி எப்போது கிடைத்தது, ஆஸ்பத்திரியில் எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்று மணிக்கணக்குப் போடும். அப்புறம் கலெக்டர் முன்னால் கூட்டம். இறந்தவரின் குடும்பமும் அங்கே உட்காரும்.

அப்படி ஒரு கூட்டத்துக்கு அம்மா ஒருமுறை போனார். இறந்த பெண்ணின் மாமியார் அழவே இல்லையாம். "ரத்தம் வேணும்னாங்க, டவுனுக்குப் போய் வாங்கிட்டு வரச் சொன்னாங்க, வர்றதுக்குள்ள போயிட்டா" என்று மூன்றே வரி. பெரிய பெரிய டாக்டர்கள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்களாம். அன்று ராத்திரி அம்மா சாப்பிடவில்லை.

இந்தத் தணிக்கை தமிழ்நாட்டில் தொண்ணூறுகளிலேயே தொடங்கியது. ஒவ்வொரு சாவும் எங்கே தாமதம் என்று காட்டியது. வீட்டிலா, ரோட்டிலா, ஆஸ்பத்திரியிலா? ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருபத்துநாலு மணி நேரமும் ஆள் இருக்க மூன்று நர்சுகள், ரத்தச் சேமிப்பு வசதி, அவசரப் பிரசவ மையங்கள் எல்லாம் இந்தத் தாமதங்களுக்கான பதில்கள்தான். 2010-இல் மத்திய அரசு நாடு முழுவதற்கும் தாய் இறப்பு ஆய்வுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. 2004-06-இல் தமிழ்நாட்டில் உயிருடன் பிறந்த லட்சம் குழந்தைகளுக்கு 111 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20-இல் அது 54. அப்போது இந்திய சராசரி 97.

அம்மா ராத்திரி நிரப்பிய ரிஜிஸ்டர்களில் பெரும்பாலானவை மேலே போய் எண்ணாக மட்டும் ஆயின. இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் வந்தது. காரணம், கேள்வி கேட்கும் அதிகாரம் உள்ளவரும் பாதிக்கப்பட்டவரும் ஒரே அறையில் இருந்தார்கள். சுகாதாரப் பேரவைக்கும் நான் கேட்பது இவ்வளவுதான். தீர்மானம் போடுவது யாருக்கும் வரும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் 'செய்தோம்', 'செய்ய முடியாது, காரணம் இது' என்று அடுத்த கூட்டத்தில் அதே ஆட்கள் முன்னால் வாசிக்க வேண்டும். முடியாது என்று சொன்னால்கூடப் பரவாயில்லை, ஜனங்களுக்குப் புரியும்.

இன்னொரு வருத்தம் ஊராட்சிகளைப் பற்றியது. அரசியலமைப்பின் பதினோராவது அட்டவணையில் ஊராட்சிகளுக்குக் கொடுக்கலாம் என்று சுகாதாரமும் ஆரம்ப சுகாதார நிலையமும் எழுதப்பட்டிருக்கின்றன. கேரளா 1996-இல் உள்ளாட்சிகளே திட்டம் போடும் மக்கள் திட்டத்தைத் தொடங்கியபோது ஆரம்ப சுகாதார நிலையங்களை ஊராட்சிகளிடம் ஒப்படைத்தது. கோழிக்கோட்டிலும் மலப்புரத்திலும் உள்ளூர்க்காரர்கள் வளர்த்த, தீராத நோயாளிகளுக்கான வலி நிவாரணப் பராமரிப்பு, 2008-இல் அந்த மாநிலத்தின் கொள்கையே ஆனது. ஐரோப்பாவில் உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் மாகாணங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொள்ளவென்றே ஒரு கூட்டமைப்பு 1992 முதல் இருக்கிறது. நம் மாவட்டங்கள் ஒன்றுக்கொன்று பாடம் சொல்லிக்கொள்ள, கலெக்டர் மாற்றலாகிப் போவதைத் தவிர வேறு வழி இருக்கிறதா என்று எனக்குச் சில சமயம் தோன்றும்.

15-ஆவது நிதிக்குழு 2021 முதல் ஐந்தாண்டுகளுக்கு உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்துக்கு 70,051 கோடி ரூபாய் ஒதுக்கப் பரிந்துரைத்தது. எங்கள் ஊராட்சித் தலைவரிடம் கேட்டேன். "எங்க பேருல வருது தம்பி, எங்க கைக்கு வரல" என்றார். அவர் சொன்னதில் கொஞ்சம் அரசியல் இருக்கலாம். ஆனால் சப் சென்டருக்குக் குழாய் போடும் முடிவை அவரால் எடுக்க முடியவில்லை என்பது உண்மை.

போன வாரம் அந்தப் பக்கம் போனேன். சப் சென்டர் மொட்டை மாடியில் புதுசாகக் கறுப்பு சின்டெக்ஸ் டேங்க் நிற்கிறது. சந்தோஷமாக இருந்தது. நர்சம்மாவிடம் விசாரித்தேன். டேங்க் வந்து நாலு மாசமாம். மோட்டாருக்குக் கரண்ட் கனெக்‌ஷன் கேட்டு இன்னொரு தாள் மேலே போயிருக்கிறதாம்.