வாசித்தது டாம், கைதட்டல் ஜெர்ரிக்கு

டாம் அண்ட் ஜெர்ரியில் ஒரே ஒரு படம்தான் பார்க்கலாம் என்றால் என் தேர்வு ‘தி கேட் கான்செர்ட்டோ’. 1947இல் வந்தது. மொத்தமே ஏழெட்டு நிமிடம்தான். கதையும் பெரிதாக இல்லை: டாம் மேடையேறி பியானோ வாசிக்கிறான், அந்தப் பியானோவுக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஜெர்ரிக்குத் தூக்கம் கெடுகிறது.

மற்ற படங்களில் டாமுக்கு வீடு முழுக்க ஓட இடம் உண்டு, கையில் கிடைத்ததை எடுத்து வீசலாம். இங்கே எதிரே சபை உட்கார்ந்திருக்கிறது. வாசிப்பது இசையமைப்பாளர் லிஸ்ட்டின் ஹங்கேரியன் ராப்சடி இரண்டாம் எண். நடுவில் எழுந்து எலி பிடிக்க முடியுமா? அதனால் எல்லாவற்றையும் உட்கார்ந்த இடத்திலேயே செய்கிறான். விரல் எட்டாத மேல் ஸ்வரத்துக்கு நீளும்போது ஜெர்ரி கத்தரிக்கோலோடு காத்திருக்கிறது. கட்டை இருக்க வேண்டிய இடத்தில் எலிப்பொறி வந்துவிடுகிறது. கைகள் எலியைத் தேடப் போனால் கால்கள் வாசிக்கின்றன. முகத்தில் மட்டும் அந்த வித்வான் மிடுக்கு குறைவதே இல்லை. சிரிப்பு அடியில் இல்லை, அடிபட்டும் அடக்கிக்கொள்கிற அந்த முகத்தில்தான் இருக்கிறது.

‘இதெல்லாம் வெறும் வன்முறை’ என்கிறவர்கள் இதை ஒருமுறை ஒலியோடு பார்க்கட்டும். ஒலியோடு என்று சொல்லக் காரணம் ஸ்காட் பிராட்லி. இசைக்குப் பொறுப்பு அவர். ஒவ்வொரு அடியும் தாளத்தில் வந்து விழுகிறது. வசனம் ஒன்றுகூடக் கிடையாது, தேவைப்படவும் இல்லை.

இதற்குச் சில மாதங்கள் முன்னால், 1946இல், வார்னர் பிரதர்ஸிலிருந்து பக்ஸ் பன்னி என்கிற முயல் பியானோ வாசிக்கும் ‘ராப்சடி ராபிட்’ வந்தது. அதே லிஸ்ட், அதே பியானோ, தொல்லை கொடுக்க அங்கேயும் ஒரு எலி! யார் யாரைக் காப்பியடித்தார்கள் என்று இரண்டு ஸ்டுடியோவுக்கும் சண்டை. அந்தப் பஞ்சாயத்து எனக்கு வேண்டாம். ஆனால் பக்ஸ் பன்னிக்குச் சபை பயமே கிடையாது, இருமுகிற ரசிகரைச் சுட்டே தள்ளுகிறது. பயமில்லாதவனை எப்படிச் சீண்டுவது? டாம் ஜெயிப்பது அங்கேதான்.

கடைசியில் முடிந்தது என்று டாம் மூச்சுவிடும்போதெல்லாம் ஜெர்ரி உள்ளிருந்து மறுபடி தொடங்கிவைக்கிறது. டாம் கந்தலாகிச் சரிகிறான், விளக்கு வெளிச்சம் ஜெர்ரி மேல் விழுகிறது, அது குனிந்து வணங்குகிறது. எனக்கு இன்றைக்கும் இதில் கோபம்தான்.

அப்புறம், இந்தப் படத்துக்கு ஆஸ்கரும் கிடைத்தது. இயக்கியவர்கள் வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும். விருது போனது தயாரிப்பாளர் ஃபிரெட் குவிம்பி கைக்கு.