மின்சாரத்துக்காக ஹைப்பர்திரெடிங்கை நிறுத்த வேண்டுமா?

திருநகரில் உள்ள எங்கள் வீட்டில், குடும்பப் படங்களைச் சேர்த்து வைப்பதற்காக ஒரு பழைய சிறிய கணினி இரவு பகலாக ஓடுகிறது. அதில் இருப்பது இன்டெல் ஐ3-6100டி செயலி. 2 கோர் (கணக்குப் போடும் பகுதி), 4 திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை). ஒரு கோரில் இரண்டு திரெட்டை ஓட்டும் வசதிதான் ஹைப்பர்திரெடிங். “ஹைப்பர்திரெடிங்கை பயாஸ்ல (கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் திரை) ஆஃப் பண்ணிருங்கண்ணே, கரண்டு மிச்சம்” என்று நண்பர் ஒருவர் வற்புறுத்தினார். மீட்டரைச் செருகி அளந்து பார்த்த பிறகு, அவர் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை.

ஹைப்பர்திரெடிங் என்பது, பரோட்டாக் கடையில் ஒரே கல்லை இரண்டு மாஸ்டர்கள் பங்கிட்டுக்கொள்வதைப் போன்றது. ஒருவர் மாவை வீசிக்கொண்டிருக்கும்போது கல் காலியாகக் கிடக்காமல், மற்றவர் தன் பரோட்டாவைப் போட்டுவிடுகிறார். வியாபாரம் இல்லாத நேரத்தில் அடுப்பை அணைத்துவிட்டால், கடையில் ஒருவர் இருந்தாலென்ன, இருவர் இருந்தாலென்ன, எரிவாயுச் செலவு ஒன்றுதான். செயலியும் அப்படியே: ஒரு கோரின் இரு திரெட்டுகளுக்கும் வேலை இல்லையென்றால் அந்தக் கோர் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போய்விடுகிறது. வீட்டு சர்வர் நாளின் பெரும்பகுதியை இப்படித்தான் கழிக்கிறது என்பதால், இரு நிலையிலும் என் மீட்டர் 10 வாட்டை ஒட்டியே நின்றது.

படங்களில் முகங்களைப் பிரித்தறியும் வேலையைக் கொடுத்தபோதுதான் வேறுபாடு தெரிந்தது. ஹைப்பர்திரெடிங்குடன் ஏறக்குறைய 31 வாட்டில் 2 மணி நேரம். அது இல்லாமல் 28 வாட்டில் இரண்டரை மணி நேரம். பெருக்கிப் பார்த்தால் முன்னது 62 வாட்மணி, பின்னது 70. மிச்சம் பிடிக்கப் போய்க் கூடுதலாகச் செலவழித்திருக்கிறேன்.

பாதுகாப்பு வேறு கணக்கு. ஒரே கோரைப் பகிரும் திரெட்டுகளுக்கிடையே தகவல் கசியலாம் என்ற அச்சத்தால் ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளம் 2018 ஜூனிலேயே இன்டெல் செயலிகளில் ஹைப்பர்திரெடிங்கை இயல்புநிலையிலேயே நிறுத்தி வைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஃபோர்ஷேடோ என்ற இன்டெல் செயலிகளின் பாதுகாப்புக் குறை வெளியானது. முன்பின் தெரியாதவர்களுக்கு மெய்நிகர்க் கணினிகளை வாடகைக்கு விடுபவர் அவசியம் நிறுத்தட்டும். என் சர்வரில் ஓடுபவை நானே நிறுவிய நிரல்கள் மட்டுமே. புதிதாக வாங்குபவர்களுக்கு இந்தக் குழப்பமே வேண்டாம். இன்டெல் என்100 செயலியில் 4 கோருக்கு 4 திரெட்தான், ஹைப்பர்திரெடிங்கே கிடையாது.

மிச்சம் கிடைத்த இடம் வேறு. யாரும் தொடாத பழைய 3.5 அங்குல வன்தட்டு ஒன்று சும்மா சுழன்றுகொண்டிருந்தது. கழற்றியதும் மீட்டரில் 5 வாட் இறங்கியது. இரண்டு மாத பில்லில் அது 7 யூனிட்.