தேனீ ஆராய்ச்சிக்கு யார் காசு கொடுத்தார்கள் என்று கேட்கத்தான் வேண்டும்

பூச்சிமருந்தால் தேனீ அழிகிறதா என்ற பேச்சு எடுத்தாலே நம் ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். கம்பெனி காசு வாங்கிச் செய்த ஆராய்ச்சி எல்லாமே பொய் என்கிறது ஒரு கட்சி. படித்தவர்களைச் சந்தேகப்படாதே, ஆராய்ச்சி என்றால் ஆராய்ச்சிதான் என்கிறது இன்னொன்று. எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை. ஆராய்ச்சியாளர் காசுக்காகக் கணக்கை மாற்றி எழுதுவது அபூர்வம். எந்தக் கேள்வியைக் கேட்பது, வந்த விடையில் எதை வெளியே விடுவது, இந்த இரண்டு இடத்தில்தான் காசு வேலை செய்கிறது.

ஒரு மருந்தைப் பதிவு செய்யத் தேவையான சோதனைகளை அந்த மருந்தை விற்கும் கம்பெனியேதான் காசு கொடுத்துச் செய்து, அரசிடம் கொடுக்கிறது. உலகம் முழுக்க அநேகமாக இதுதான் நடைமுறை. தேனீக்கான அடிப்படைச் சோதனை என்ன? வளர்ந்த தேனீக்களுக்கு மருந்தைக் கொடுத்து, 48 மணி நேரத்தில் எந்த அளவு மருந்து பாதித் தேனீக்களைக் கொல்கிறது என்று பார்ப்பது. அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் சாகாத தேனீ என்ன ஆனது? 2012-ல் பிரான்சில் அரசு ஆராய்ச்சியாளர்கள் தேனீயின் முதுகில் நுண்ணிய அடையாளச் சில்லை ஒட்டி, தையமெத்தாக்சம் என்ற பூச்சிமருந்தைக் கொல்லாத அளவில் கொடுத்து, தூரத்தில் கொண்டுபோய் விட்டார்கள். மருந்து உண்ட தேனீக்களில் கூட்டுக்குத் திரும்பாமல் போனவை கணிசமாக அதிகம். செத்ததா என்று கேட்டவருக்கு ஒரு விடை, வீடு திரும்பியதா என்று கேட்டவருக்கு வேறு விடை. அந்த அளவு மருந்து வயலில் கிடைக்காது என்று கம்பெனிகள் வாதிட்டன. சரி, வாதிடட்டும். ஆனால் அந்தக் கேள்வியே பொதுப்பணத்தில் நடந்த ஆய்வில்தான் எழுந்தது.

அடுத்தது, வந்த விடையை மேசை இழுப்பறையில் பூட்டிவைப்பது. பேயர், சின்ஜென்டா என்ற இரண்டு பூச்சிமருந்துக் கம்பெனிகளும் தாங்களே நடத்தி வெளியிடாமல் வைத்திருந்த வயல் ஆய்வுகளை, தகவல் கேட்கும் சட்டத்தின் வழியாக 2016-ல் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு வெளியே கொண்டுவந்தது. மருந்தின் அளவு கூடினால் தேன்கூடுகளுக்குக் கேடு வருகிறது என்று அவற்றிலேயே இருந்தது. கிரீன்பீஸுக்கும் ஒரு நோக்கம் உண்டுதான், அதனால்தான் அவர்களிடமும் தரவைக் காட்டு என்று கேட்கவேண்டும் என்கிறேன்.

அதற்காகக் கம்பெனி காசு பட்டதெல்லாம் தீட்டு என்று ஒதுக்கவும் முடியாது. பிரிட்டன், ஜெர்மனி, ஹங்கேரி மூன்று நாட்டு வயல்களில் நடந்த பெரிய ஆய்வு 2017-ல் வந்தது. அதே இரண்டு கம்பெனிகள் சுமார் 3 மில்லியன் டாலர் கொடுத்திருந்தன. ஆய்வை நடத்தியது பிரிட்டனின் பொது ஆராய்ச்சி மையம். ஹங்கேரியில் அடுத்த வசந்தத்தில் தேனீக் கூட்டங்கள் 24 விழுக்காடு குறைந்திருந்தன, ஜெர்மனியில் கேடு தெரியவில்லை. அந்த முடிவுகளைப் படித்த விதம் சரியில்லை என்று காசு கொடுத்த கம்பெனிகளே சண்டைக்கு வந்தன. ஆனாலும் முடிவு வெளியே வந்துவிட்டது, ஏனென்றால் ஆய்வை நடத்தியது அவர்கள் இல்லை. 2018-ல் ஐரோப்பிய ஒன்றியம் தையமெத்தாக்சம் உட்பட நியோநிகோட்டினாய்டு வகைப் பூச்சிமருந்துகள் மூன்றைத் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை போட்டது.

இப்போது மலேசியாவுக்கு, நம் ஊருக்கு வருகிறேன். செம்பனைக்கு, அதாவது எண்ணெய்ப் பனைக்கு, மகரந்தம் சேர்க்கும் சின்ன வண்டு நம் மண்ணின் பூச்சி இல்லை. 1981-ல் கேமரூனிலிருந்து வரவழைத்து ஜோகூர் மாநிலத்தில் இதே குளுவாங் வட்டாரத் தோட்டத்தில் விட்டார்கள். அதுவரை தொழிலாளிகள் மரம் மரமாகப் போய்ப் பெண் பூவில் கையால் தூள் தூவினார்கள். அந்த ஆராய்ச்சிக்குக் காசு கொடுத்தது யூனிலிவர் கம்பெனி. அருமையான ஆராய்ச்சி, நாடு முழுக்கப் பலன் கிடைத்தது. கம்பெனிக்கு லாபம் தரும் பூச்சியைப் பற்றிய கேள்வி என்பதால் காசு தானாக வந்தது.

கெலுலுட் என்னும் கொடுக்கில்லாத தேனீக்கு அப்படிக் காசு கொடுக்க யார் இருக்கிறார்கள்? எங்கள் தாமான் (குடியிருப்பு) பின்புறம், தோட்டத்து எல்லையை ஒட்டி ஓர் அண்ணன் கெலுலுட் வளர்க்கிறார். மரக்கட்டை, அதன்மேல் பெட்டி, பக்கவாட்டில் பிசினால் ஆன சின்னக் குழாய் வாசல். போன மாதம் தோட்டத்தில் மருந்தடித்த மறுநாள் அந்தக் குழாய்க்குக் கீழே கறுப்புத் தேனீக்கள் இறக்கை விரித்துக் கொட்டிக் கிடந்தன. மருந்தா, வெயிலா, எறும்பா? என்னால் சொல்லமுடியாது, அவராலும் முடியவில்லை. தோட்டத்தில் கேட்கப் போன அவரிடம், இது அனுமதி பெற்ற மருந்து என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஐரோப்பியத் தேனீயை வைத்துச் செய்த சோதனை, அதைவிடச் சின்னதான நம் கொடுக்கில்லாத தேனீக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை.

இது தேனீயோடு நிற்கிற விஷயமில்லை. பாராகுவாட் என்ற களைக்கொல்லியை நிறுத்தப்போவதாக 2002-ல் அறிவித்த நம் நாடு, 2006-ல் மறுபடி விட்டுக்கொடுத்து, 2020-ல்தான் முழுசாகத் தடை செய்தது. இடைப்பட்ட வருடங்களில் மருந்து டாங்கியை முதுகில் சுமந்து அதை அடித்தவர்களில் நம் பெண்கள் எத்தனை பேர்! என் பெரியம்மாவின் நகங்கள் கறுத்து உரிந்து விழுந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். அவருடைய நகத்தைப் பற்றி யாரும் கேள்வி கேட்க வரவில்லை.

அதனால் எனக்கு வேண்டியது இதுதான். சோதனைக்கான காசைக் கம்பெனியே கொடுக்கட்டும், ஆனால் பூச்சிக்கொல்லி வாரியத்தின் பொது நிதியில் கொடுக்கட்டும். எந்தப் பல்கலைக்கழகம் செய்வது, எந்தப் பூச்சியில் செய்வது என்பதை வாரியம் முடிவு செய்யட்டும். ஐரோப்பாவில் 2021 முதல், ஆய்வைத் தொடங்கும் முன்பே உணவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் சொல்லிப் பதியவேண்டும். பதிந்த ஆய்வு பிறகு சத்தமில்லாமல் காணாமல் போகமுடியாது. அதை இங்கேயும் கொண்டுவரலாம்.

கெலுலுட் வைத்திருப்பவர்கள் இப்போதே ஒன்று செய்யுங்கள். பக்கத்தில் மருந்தடித்தால் தேதி, நேரம், காற்று வீசிய திசை எழுதி வையுங்கள். செத்த தேனீக்களை வெறும் கையால் தொடாமல் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, தேதி எழுதி, சாப்பாட்டுச் சாமான் படாமல் தனியாக உறையவையுங்கள். வெயிலில் விட்டால் மருந்தின் தடயம் சிதைந்துபோகும். பிறகு மாவட்ட விவசாய இலாகாவில் எழுத்துமூலம் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். கடிதம் எழுதத் தெரியாவிட்டால் எனக்கு மெசேஜ் போடுங்கள், மலாயில் நான் எழுதித் தருகிறேன்.