360 டேக் போட்டா மட்டும் விஆர் ஆயிடாது

மேல ஒருத்தர் "சாதாரண 4கே அனிமேஷன ரெண்டர் பண்ணி (கடைசி வீடியோவா எடுத்து) 360ன்னு டேக் போட்டா விஆர் (ஹெட்செட் மாட்டிப் பாக்குற) வீடியோ ரெடி, மோஷன் கிராஃபிக்ஸ்ல (எழுத்து, படத்த அசைய வைக்கிற வேலைல) கோடு எல்லாம் புரோகிராமருக்குத்தான்"னு சொல்லிருக்காரு. ரெண்டுமே தப்புங்க.

அந்த டேக், அதாவது வீடியோ ஃபைல்ல சேக்குற குறிப்பு, பிளேயர்கிட்ட "இத ஒரு உருண்டைக்குள்ள ஒட்டிக் காட்டு"ன்னு சொல்லும், அவ்ளோதான். படமே சுத்தியிருக்கிற மொத்தத்தையும் விரிச்சு வச்ச மாதிரி 2:1 அளவுல ரெண்டர் ஆகியிருக்கணும், பிளெண்டர்ங்கிற 3டி சாஃப்ட்வேரோட சைக்கிள்ஸ் ரெண்டரர்ல பனோரமிக் கேமராவுல ஈக்விரெக்டாங்குலர்னு இருக்குமே அதுதான், இல்லன்னா உங்க 16:9 பிரேம இழுத்துப் புடிச்சு சுத்தி ஒட்டிரும், தலைக்கு மேல பாத்தா எல்லாம் சுருங்கி ஒரே புள்ளில போய் நிக்கும், டைட்டில் எழுத்து வளைஞ்சு கெடக்கும். அப்புறம் 4கேன்னு பெருமப்பட்டுக்காதீங்க, அந்த 3840 பிக்சலும் 360 டிகிரிக்குப் பிரியுது, 90 டிகிரி கண்ணுல படுதுன்னா அகலத்துல வெறும் 960தான். ரெண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படத்த மேல கீழ வச்ச ஸ்டீரியோன்னா உயரமும் ஒரு கண்ணுக்குப் பாதிதான்.

கோடு விஷயம் இன்னும் சிம்பிள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ங்கிற மோஷன் கிராஃபிக்ஸ் சாஃப்ட்வேர்ல பொசிஷன் பக்கத்துல இருக்கிற ஸ்டாப்வாட்ச ஆல்ட் புடிச்சு கிளிக் பண்ணி விகிள், அதாவது wiggle(2, 30)னு அடிங்க, செகண்டுக்கு 2 தடவ, சுமார் 30 பிக்சல் வரைக்கும் லேயர் ஆடும், ஒரு கீஃப்ரேம்கூட (எந்த நேரத்துல எங்க இருக்கணும்னு கையால வைக்கிற குறி) வேணாம். ரொட்டேஷன்ல time * 50 போட்டா செகண்டுக்கு 50 டிகிரி சுத்திட்டே இருக்கும். ஜாவாஸ்கிரிப்ட்தான், இல்லன்னு சொல்லல, ஆனா ஒரு வரிக்கு எதுக்குங்க புரோகிராமர்?

விஆர்ல அந்த விகிள கேமராவுக்கு மட்டும் போட்டுராதீங்க, ஹெட்செட் மாட்டுனவங்களுக்கு வாந்தி வந்துரும்.