யார் செய்யச் சொன்னா?

போன வருடம் கிறிஸ்துமஸ் நெருக்கத்தில், டிசம்பர் 23. இரவு மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. கூடத்துத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறேன். சுற்றிலும் பதினேழு பரிசுப் பொருள்கள். கையில் செல்லோடேப். அதன் நுனியைக் காணோம். நகத்தால் சுற்றிச் சுற்றித் தடவி, ஒருவழியாகக் கண்டுபிடித்து இழுத்தால், நேராக வராமல் நூல் மாதிரி ஒரு கீற்றாகக் கிழிந்து வருகிறது. மறுபடியும் நகம், மறுபடியும் தடவல். கத்தரிக்கோலையும் காணோம். பத்து நிமிடம் தேடிய பிறகு பார்த்தால், அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தார் வீட்டுக்காரர். என்னைப் பார்த்தார், காகிதக் குவியலைப் பார்த்தார். ஒரு கொட்டாவி விட்டுவிட்டுக் கேட்டார்: "இன்னும் தூங்கலையா? இதையெல்லாம் உன்னை யார் செய்யச் சொன்னா?"

ஒரு வருடம் ஆகப்போகிறது. அந்தக் கேள்வி இன்னும் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது.

யாரும் சொல்லவில்லைதான். ஆனால் ஒன்றே ஒன்றைச் செய்யாமல் விட்டுப் பாருங்கள். "என்ன, இந்த வருஷம் இது இல்லையா?" என்று நாலு பக்கமிருந்தும் குரல் வரும். கோபமாகக்கூட இருக்காது, லேசான ஏமாற்றம்தான். அந்த ஏமாற்றத்துக்குப் பயந்தே ஒவ்வொரு வருடமும் எல்லாவற்றையும் செய்து, போதாததற்குப் புதிதாக ஒன்றையும் சேர்த்துவிடுகிறோம். ஒரு வருடம் ஆசைக்குச் செய்வது, அடுத்த வருடம் "எப்பவும் செய்றதுதானே" ஆகிவிடுகிறது. இப்படித்தான் எங்கள் வீட்டில் வழக்கம் பிறக்கிறது. பிறந்ததோடு சரி, எதுவும் சாவதில்லை.

இதில் வீட்டுக்காரருக்குப் பெரிய மனசு வேறு உண்டு. "சொன்னா செய்ய மாட்டேனா?"

சொல்வதுதானே ஐயா வேலை! எது தீர்ந்திருக்கிறது, யாருக்கு என்ன அளவு, போன வருடம் யாருக்கு எதைக் கொடுத்தோம், யாரை அழைக்காவிட்டால் யார் முகம் தூக்குவார்கள், இவ்வளவையும் நவம்பர் பாதியிலிருந்து மண்டைக்குள் சுமந்துகொண்டு திரிவதுதான் வேலை. ஒருமுறை அவரை வாழ்த்து அட்டை வாங்கச் சொல்லி அனுப்பினேன். கடையிலிருந்து நாலு போன். எத்தனை வேண்டும்? உறையோடா, உறை இல்லாமலா? பெரியதா, சின்னதா? கடைசி போன்: "இது யார் யாருக்கு?" நானே போயிருந்தால் வாங்கி முடித்துத் திரும்பியிருப்பேன்.

அட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. கிறிஸ்துமஸ் அட்டையை முதலில் அச்சடிக்க வைத்தவர் ஹென்றி கோல் என்ற ஆங்கிலேயர், 1843இல். ஏன் தெரியுமா? பண்டிகைக்கு எல்லாருக்கும் உட்கார்ந்து கடிதம் எழுத அவருக்கு நேரம் இல்லை. ஓவியர் ஒருவரிடம் படம் வரையச் சொல்லி, அச்சடித்து, பெயரை மட்டும் எழுதி அனுப்பி வேலையை முடித்துக்கொண்டார். வேலையைக் குறைக்க வந்த சாமான் அது! அதற்காகத்தான் நான் பத்து நாள் முகவரி தேடிக்கொண்டிருக்கிறேன்.

நான் கிழித்துக்கொண்டிருந்த அந்த வண்ணக் காகிதமும் அப்படித்தான். 1917இல் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ஹால் சகோதரர்களின் கடையில், பரிசு சுற்றும் மெல்லிய காகிதம் கிறிஸ்துமஸ் சமயத்தில் தீர்ந்துபோனது. உறைகளுக்கு உள்ளே ஒட்டுவதற்கென்று வைத்திருந்த பூப்போட்ட பிரெஞ்சுக் காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தார்கள். அதுவும் விற்றுத் தீர்ந்தது. சரக்கு தீர்ந்துபோன ஒரு கடை சமாளித்த கதைக்கு நூறு வருடம் கழித்து நான் தூக்கம் முழிக்கிறேன். இதை ஏதோ சம்மனசு, அதாவது தேவதூதர், நேரில் வந்து கட்டளையிட்ட மாதிரி "வழக்கம்" என்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த நவம்பரில் ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது சும்மா கேட்பது போலக் கேட்டேன்: "போன கிறிஸ்துமஸ்ல உங்களுக்கெல்லாம் எது ஞாபகம் இருக்கு?"

மகன் யோசிக்கவே இல்லை. "குடில்ல அந்த மூணு கால் ஆடு!" இயேசு பிறந்த தொழுவத்தைப் பொம்மைகளால் காட்டும் குடிலில் வைக்கும் ஆடு ஒன்றுக்குக் கால் உடைந்துவிட்டது. அதற்குத் தீக்குச்சியை ஒட்டி நிறுத்தினான். அது பொத்துப் பொத்தென்று விழுந்துகொண்டே இருந்தது. எல்லாரும் சிரித்தோமாம். நான் சிரித்தேனா என்று எனக்கு ஞாபகமில்லை. அத்தை, "விளக்கை அணைச்சுட்டு எல்லாரும் பாடினோமே, அது" என்றார். வீட்டுக்காரருக்கு 26ஆம் தேதி மத்தியானம் போட்ட தூக்கம். மகளும் நிறைய யோசித்துவிட்டு ஆட்டுக்கே வந்து சேர்ந்தாள்.

அவ்வளவுதான். பதினேழு பொட்டலத்தில் ஒன்றின் பேர்கூட வரவில்லை. துவைத்து, இஸ்திரி போட்டு மாட்டிய திரைச்சீலை வரவில்லை. எட்டு வகை சமைத்தேனே, ஒரு வகை? ஊஹூம். இந்த இடத்தில் நான் நெகிழ்ந்துபோய்க் கண் கலங்கியிருக்க வேண்டுமாம், கதைகளில் அப்படித்தான் வரும். எனக்கு வந்தது கொலைவெறி. உடைந்த ஆடும் ஒரு தூக்கமும் போதுமென்றால், இதை முன்னாடியே சொல்லித் தொலைப்பதற்கென்ன?

இன்னொரு கூட்டத்தையும் விடக்கூடாது: எளிமை போதகர்கள். "கடையில் வாங்காதீர்கள், கையாலேயே செய்யுங்கள், அதில்தான் அன்பு இருக்கிறது." கையால் என்றால் யார் கையால்? இருபது கண்ணாடிக் குப்பியைக் கழுவிக் காயவைத்து, சணல் கயிறு கட்டி, ஒவ்வொன்றிலும் சீட்டு எழுதி ஒட்டுவதற்குப் பெயர் எளிமையாம். செலவு வேண்டுமானால் குறையும். என் இடுப்பு வலி குறையுமா?

எளிமை என்றால் அது 1223இல் நடந்தது. கிரெச்சோ என்ற இத்தாலிய ஊரில் புனிதர் அசிசி பிரான்சிஸ் முதன்முதலாகக் குடில் காட்சி அமைத்தார். தேவைப்பட்டவை ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. ஊர்க்காரர்கள் தீப்பந்தத்தோடு வந்தார்கள், பாடினார்கள், திருப்பலிப் பூசை நடந்தது. இவ்வளவுக்கும் அவர் அந்த ஊர் நண்பர் ஒருவரிடம் இரண்டு வாரம் முன்பே சொல்லி ஏற்பாடு செய்திருந்தார். பாருங்கள், அங்கேயும் வைக்கோல் சுமந்தது வேறு யாரோதான்! புனிதரைக் குறை சொல்லவில்லை. கண்ணில் பட்டதைச் சொன்னேன்.

அதனால் இந்த வருடம் கத்தியை எடுத்துவிட்டேன். அட்டை கிடையாது. அழைக்க வேண்டியவர்களை நாங்கள் ஆளுக்கு நான்கு பேராகப் பிரித்துக்கொண்டு போனில் பேசுவோம். பரிசுக்குச் சீட்டுக் குலுக்கல். ஒருவருக்கு ஒன்று, அவரவர் வாங்கி அவரவரே சுற்ற வேண்டும். செய்தித்தாளில் சுற்றினாலும் சரி. சமையல் எட்டிலிருந்து மூன்று. அந்த மூன்றில் ஒன்று வீட்டுக்காரர் கையால். விருந்தாளிகள் எல்லாரும் 25ஆம் தேதியே வந்து போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கிறிஸ்துமஸ் காலம் அன்றைக்குத்தான் தொடங்குகிறது. ஜனவரி 6, குழந்தை இயேசுவைப் பார்க்க ஞானிகள் வந்ததைக் கொண்டாடும் திருக்காட்சி விழாவரை பன்னிரண்டு நாள் கிடக்கிறது. ஞானிகளே சாவகாசமாகத்தான் வந்தார்கள். நம் சொந்தக்காரர்களுக்கு மட்டும் என்ன அவசரம்?

குடில் இருக்கும், ஆட்டோடு. விளக்கணைத்துப் பாடுவதும் இருக்கும். அந்த நேரம் நான் அடுப்படியில் இருக்க மாட்டேன் என்று எழுதியே கொடுத்துவிட்டேன்.

அத்தைக்கு வருத்தம்தான். "சம்பிரதாயமெல்லாம் போயிடுமேம்மா" என்றார். லூக்கா நற்செய்தியில் இயேசு வீட்டுக்கு வந்திருக்க, மார்த்தா அடுப்படியில் பரபரத்தபோது, அவர் பேச்சை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அவள் சகோதரி மரியாவைத்தானே ஆண்டவர் மெச்சினார் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அன்னிக்கு மார்த்தா சமைக்கலைன்னா எல்லாரும் என்னத்தைச் சாப்பிட்டிருப்பாங்க?" அறுபது வருடம் அடுப்படியில் நின்றவர் கேட்கிறார். எனக்குப் பதில் வரவில்லை. அத்தனை வருடச் சமையலில் எவ்வளவை அவர் மனதாரச் செய்திருப்பார் என்றும் தெரியவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

வேலைப் பட்டியலைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டியாகிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர். சீரியல் லைட் கட்டுவதற்கு நேராக வீட்டுக்காரர் பெயர். நேற்று இரவு நான் படுத்த பிறகு அறை வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, அந்த சீரியல் லைட்டை எங்க வெச்சிருக்க?"

"தேடுங்க."

பரணில் எதையோ உருட்டும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. சிக்கு எடுக்கும்போது யாரையோ திட்டினார். நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.