அந்தப் பக்கம் யார் காத்திருக்கிறார்கள்?

கல்லூரிச் சேர்க்கைக்கான பரிந்துரைக் கடிதம் எழுதும் மாதம் வந்துவிட்டால் என் மேசையில் கோப்புகள் குவிந்துவிடும். பள்ளி முடிக்கப்போகும் பிள்ளைகள், "சார், இதையெல்லாம் லெட்டர்ல சேர்த்துடுங்க சார்" என்று வைத்துவிட்டுப் போவார்கள். போன வருடம் ஒரு பையனின் கோப்பில் பிளாஸ்டிக் உறைக்குள் 14 சான்றிதழ்கள். தலைமைப் பண்பு முகாம், இளையோர் உச்சி மாநாடு, வெளிநாட்டில் நான்கு நாள் மாதிரி ஐ.நா. சபை (பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டின் பிரதிநிதியாக வாதாடும் மாநாடு).

"மாநாட்டுல எந்த நாட்டுக்காகப்பா பேசின?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தான். "ஏதோ ஒரு தீவு சார்."

அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அனுப்புங்கள் என்று அவன் அப்பாவிடம் பேசியதே நான்தான். விளம்பரத் தாளில் உலக உருண்டை இருந்தது, 'உலகக் குடிமகன்' என்ற சொல் இருந்தது, மயங்கிவிட்டேன். பிறகு விசாரித்தால், இரண்டு நாள் ஊர் சுற்றிக் காட்டியிருக்கிறார்கள். ஒரு நாள் கோட்டும் டையுமாகப் புகைப்படம். மிச்ச நேரத்தில், யாரோ எழுதிக் கொடுத்ததை இவன் வாசித்திருக்கிறான். எவரும் மறுத்துப் பேசவில்லை. இவன் வாசிக்காமலே இருந்திருந்தாலும் அங்கே ஒன்றும் குறைந்திருக்காது.

மாதிரி ஐ.நா. என்றாலே வீண் என்று சொல்ல வரவில்லை. தனக்குப் பிடிக்காத நாட்டின் தரப்பை மூன்று வாரம் படித்துவிட்டுப் போய், எதிரில் இருப்பவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நாட்டின் பெயர் மறக்கவே இல்லை.

அதன் பிறகு, எந்தக் கூடுதல் கற்றல் வாய்ப்பு பற்றி யார் வந்து கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். இந்தப் பிள்ளை செய்யப்போகும் வேலைக்காக அந்தப் பக்கம் யாராவது காத்திருக்கிறார்களா? தப்பாகச் செய்தால் 'இது தப்பு' என்று சொல்ல ஆள் உண்டா? உண்டென்றால், வீட்டு மாடியில் உட்கார்ந்து செய்தாலும் அது உலகளாவிய கல்விதான். இல்லையென்றால், ஏழு கடல் தாண்டிப் போனாலும் அது சுற்றுலா. சுற்றுலா நல்ல விஷயம், குடும்பத்தோடு போங்கள்.

குளோப் என்று ஒரு திட்டம் இருக்கிறது. 1994இல் அறிவித்தார்கள், 1995 முதல் நடக்கிறது. நாசாவின் ஆதரவில் 120க்கும் மேற்பட்ட நாடுகளில் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் இடத்து வானம், நீர், மண், செடிகொடிகளை அளந்து அனுப்புகிறார்கள். பதிவு செய்யக் கட்டணம் இல்லை. என் மாணவி ஒருத்தி இதில் மேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள். வானத்தில் எவ்வளவு பங்கை மேகம் மூடியிருக்கிறது, என்ன வகை, எந்த உயரம், வெளிச்சம் ஊடுருவுகிறதா என்று ஏழு மாதம் எழுதினாள். மேலே செயற்கைக்கோள் கடக்கிற நேரத்தோடு நம் பதிவு ஒத்துப்போனால், அது பார்த்ததையும் நாம் பார்த்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு மின்னஞ்சல் வரும்.

ஒரு நாள் அந்த மின்னஞ்சலோடு ஓடி வந்தாள். "சார், சாட்டிலைட் தப்பு சொல்லுது. கீழ அவ்வளவு மேகம் இருந்துச்சு, அது மேல இருக்கிறத மட்டும்தான் சொல்லுது."

தப்பு இரண்டு பக்கமும் இல்லை. செயற்கைக்கோள் மேலிருந்து பார்க்கிறது. உயரத்து மேகம் தடித்துக் கிடந்தால் அதற்கடியில் இருப்பது அதற்குத் தெரியாது. இவளுக்கு மேகத்தின் அடிவயிறு தெரியும், முதுகு தெரியாது. மேகங்கள் பூமியைக் குளிர்விக்கின்றனவா, வெப்பத்தைப் போர்த்திவைக்கின்றனவா என்பது உயரத்தையும் தடிமனையும் பொறுத்தது என்பதால், விஞ்ஞானிகளுக்கு இரண்டு பக்கத்துப் பார்வையும் வேண்டும். இதைப் புரிந்துகொள்ள அவள் ஒரு மணி நேரம் கரும்பலகையில் படம் போட்டாள். நான் பாடம் நடத்தியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடித்திருப்பேன். அவளும் ஐந்து நாளில் மறந்திருப்பாள்.

2007இல் தொடங்கிய கேலக்ஸி ஸூ என்ற இணையத் திட்டமும் இதே ஜாதிதான். பல லட்சம் விண்மீன் மண்டலப் படங்களை வானியலாளர்கள் தனியாகப் பார்த்து மாளாது என்பதால், பொதுமக்களை வகைப்படுத்தச் சொன்னார்கள். சுருளா, நீள்வட்டமா, அவ்வளவுதான் கேள்வி. ஹானி வான் ஆர்க்கெல் என்ற டச்சுப் பள்ளி ஆசிரியை ஒரு படத்தில் விநோதமான ஒரு திட்டைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. இன்று வானியலில் அதற்கு அவர் பெயர்தான். (ஆசிரியை என்பதை அழுத்திச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் சுயநலம் உண்டு.)

என் சொந்தப் பைத்தியம் ரேடியோ. சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருப்பவர்களோடு பள்ளிப் பிள்ளைகள் அமெச்சூர் ரேடியோவில் (பொழுதுபோக்காக ரேடியோ வைத்துப் பேசுகிறவர்களின் அலைவரிசையில்) பேச ஏரிஸ் என்ற அமைப்பு ஏற்பாடு செய்கிறது. நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் 90 நிமிடத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றுவதால், நம் தலைக்கு மேல் அடிவானத்திலிருந்து அடிவானம் வரை கிடைப்பது பத்து நிமிடம் போல. அதற்குள் கேட்க வேண்டும், பதில் வாங்க வேண்டும், 'ஓவர்' சொல்ல வேண்டும். பிள்ளைகள் முதலில் எழுதும் கேள்வி "விண்வெளியில் இருப்பது எப்படி இருக்கிறது?" என்பதாகத்தான் இருக்கும். பத்து நிமிடக் கணக்கைச் சொன்னதும் அதை அவர்களே அடித்துவிடுவார்கள். நல்ல கேள்வி எழுதக் கற்றுக்கொடுக்க இதைவிடக் கறாரான வாத்தியார் கிடையாது.

எங்களுக்கு இன்னும் பேச முறை வரவில்லை. கேட்பதோடு சரி. அனுப்புவதற்கு உரிமம் வேண்டும்; கேட்பதற்கு உங்கள் நாட்டு விதி என்னவென்று பார்த்துக்கொள்ளுங்கள். நிலையத்தின் குரல் வருவது 145.800 மெகாஹெர்ட்ஸில்; நெருங்கும்போது அது சற்று மேலும், விலகும்போது சற்றுக் கீழுமாக நகரும். டாப்ளர் விளைவு. பாடப்புத்தகத்தில் இதற்கு உதாரணமாக இன்னும், நெருங்கினால் சத்தம் கூர்மையாகி விலகினால் தணியும் அந்த ஆம்புலன்ஸ்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

"ஒலிம்பியாட் மட்டும்தானே சார் மதிப்பு?" என்று பெற்றோர் கேட்பார்கள். சர்வதேசக் கணித ஒலிம்பியாட் 1959இல் ருமேனியாவில் ஏழு நாடுகளோடு தொடங்கியது; இப்போது நூற்றுக்கும் மேல். இரண்டு நாள், நாளுக்கு நாலரை மணி நேரம், மொத்தம் ஆறே கணக்கு, கணக்குக்கு 7 மதிப்பெண். பதக்கம் கிடைக்காவிட்டாலும் ஒரு கணக்கை முழுசாகப் போட்டு 7 வாங்கியவருக்குத் தனிப் பாராட்டு உண்டு. ஒன்றையாவது முழுசாக முடி என்று சொல்லும் போட்டி. மாணவர்கள் தங்கள் மொழியிலேயே விடை எழுதலாம். அணித் தலைவர்கள் அந்த விடைத்தாளை வைத்துக்கொண்டு மதிப்பீட்டாளர்களிடம் வரி வரியாக வாதாடுவார்கள். எத்தனை பேர் நாட்டு அணிக்குப் போய்விடப்போகிறோம்? ஆனால் 1959 முதலான கேள்விகள் எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. மூன்று பேர் சேர்ந்து ஒரே கணக்கோடு ஒரு வாரம் மல்லுக்கட்ட யார் அனுமதியும் தேவையில்லை.

மாணவர் பரிமாற்றத்தில் போகிற பிள்ளைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். ஒரு பள்ளி ஆண்டு முழுக்க அந்நியர் வீட்டில் தங்கி, அந்த வீட்டுப் பாத்திரத்தைக் கழுவி, அந்த மொழியில் சண்டையும் போட்டுவிட்டு வருகிறவர்கள் நிச்சயம் வேறு ஆளாகத்தான் திரும்புகிறார்கள். எல்லாருக்கும் வாய்க்காது, அவ்வளவுதான்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது கால அளவைப் பார்த்தால்தான். ஐ.பி. டிப்ளமா என்ற சர்வதேசப் பள்ளிப் படிப்பில் படைப்பு, உடற்செயல்பாடு, சேவை என்று ஒரு பகுதி உண்டு. குறைந்தது 18 மாதம் தொடர வேண்டும், மதிப்பெண் கிடையாது, செய்யாவிட்டால் டிப்ளமாவும் கிடையாது. மதிப்பெண் கிடையாது என்பதை நம் பெற்றோரிடம் சொன்னால் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டுமே! 18 மாதம் எங்கே, நாலு நாளில் தலைவனாக்கித் தருகிறோம் என்கிற விளம்பரம் எங்கே?

கல்லூரிச் சேர்க்கைக்கு இதெல்லாம் உதவுமா என்று நேராகவே கேட்டுவிடுகிறார்கள். சேர்க்கைக் குழுவில் இருப்பவர்கள் மனதில் புகுந்து பார்க்க எனக்கு வழியில்லை. என் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். 14 சான்றிதழ்க்காரனுக்கு எட்டு வரிக்கு மேல் எனக்கு ஓடவில்லை. அதில் மூன்று வரி அவன் கால்பந்து பற்றியது. மேகக்காரிக்கு ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டு, நீளம் என்று நானே அரைப் பக்கத்தை வெட்டினேன்.

இந்த வாரம் நிலையம் நம் மேலே கடக்கும் நேரங்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை விடிகாலை 5 மணிக்கு நான்கு பேர் வந்தார்கள். ஒரு நிமிடம் இரைச்சல், நடுவில் யாரோ இரண்டு சொல், மறுபடி இரைச்சல். அந்த இரண்டு சொல் என்ன என்று இன்னும் சண்டை ஓயவில்லை. நான்கு பேரில் ஒருவன் கெமிஸ்ட்ரி ரெக்கார்டு முடிக்காமல் வந்தவன். அந்த டீச்சர் என்னோடு இரண்டு நாளாகப் பேசவில்லை.